சிவப்பு லைட்டின் வயரைக் கழற்றுவது திருத்த வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரிப்போக நெல் வெட்டு நெருங்குகிறது. மட்டக்களப்பின் படுவான்கரையிலும் கரடியனாறு, உன்னிச்சைப் பக்கமும், அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்று, சாகாமம் வயல் வட்டைகளிலும் பழைய கெப்கள் (பிக்கப் வாகனங்கள்) இனி ராப்பகலாக ஓடப்போகின்றன. போகும்போது வெட்டு மெசினுக்கு டீசல் கானும் வெறுஞ்சாக்கும், வரும்போது நெல் மூட்டை. பின்தட்டில் வேலையாட்கள். இந்த நேரத்தில் வாகனச் சொந்தக்காரர்களிடமும் என்னைப் போன்ற கராஜ்காரர்களிடமும் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வாகனம் காட்டுகிற அறிகுறியை மறைத்துவிட்டு அதை ரோட்டில் விடுகிற பழக்கம் எங்கள் பகுதியில் கூடிக்கொண்டு வருகிறது. இது நிற்க வேண்டும்.

நான் செங்கலடியில் கராஜ் வைத்திருப்பவன். என்னிடம் வருபவை பெரும்பாலும் 1980களின் கடைசியிலும் 1990களிலும் வந்த டீசல் கெப்கள். டொயோட்டா ஹைலக்ஸ், நிசான், மிட்சுபிசி எல்200, இசுசு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பவும் திறந்தது. திறந்தும் புது கெப்பின் விலை எங்கள் விவசாயியின் கைக்கு எட்டவில்லை. ஆகவே முப்பது வயதை நெருங்கிய, கடந்த இந்த வாகனங்கள் இன்னும் பல போகத்துக்கு ஓடத்தான் போகின்றன. ஓடட்டும். அவை நல்ல இரும்பு, பார்த்துப் பாவித்தால் கைவிடாது. ஆனால் அவை சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும்.

அண்மையில் ஒரு டபுள் கெப் வந்தது. கைமாறி வாங்கிக் கொஞ்சக் காலம்தான். கியர் போடும்போது கிறீச் என்கிறது என்றுதான் சொந்தக்காரர் கொண்டுவந்தார். நான் முதலில் சாவியை ஒரு கட்டம் திருப்பி மீட்டர் போர்டைப் பார்த்தேன். எஞ்சின் ஓடாதபோது சாவி போட்டால், ஒயில் பிரசர் இல்லை என்று எச்சரிக்கிற ஒயில் லைட் சிவப்பாக எரிய வேண்டும், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. குனிந்து எஞ்சினின் பக்கவாட்டில் அந்த லைட்டை இயக்குகிற ஒயில் சுவிட்சைத் தேடினால், அதற்குரிய வயர் கழற்றப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் வடிவாகச் சுற்றி, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. தற்செயலாகக் கழன்ற வயரில் டேப் இருக்காது. யாரோ ஒருவர் நின்று நிதானமாகச் செய்த வேலை அது.

வயரைத் திரும்பக் கொளுவினேன். ஆறிய எஞ்சினில் லைட் எரிந்து அணைந்தது. கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் ஐடிலில் மினுங்கத் தொடங்கியது. ஒயில் குச்சியை இழுத்தேன். ஒயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லை, தண்ணீர் போல் ஓடியது, மூக்கில் டீசல் மணம். கியரால் சுழலும் டீசல் பம்ப் உள்ள எஞ்சின்களில் அந்தப் பம்பின் சீல் போனால் டீசல் வெளியே சிந்தாது, உள்ளே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போவதைச் சிலர் நல்ல சகுனம் என்று நினைக்கிறார்கள். அதைப்போல ஆபத்தான அறிகுறி வேறில்லை. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றிப் பார்த்தபோது, கிராங்க் ஷாப்டைச் சுற்றிப் பிடிக்கிற பிக் எண்ட் பெயாரிங்கின் மேல் ஓடுகளில் சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாப்ட் தப்பியது பெரிய காரியம். பம்ப் சீல், பெயாரிங் செட், புது ஒயில், புது பில்டர். ஒயில் பக்க வேலை அதோடு முடிந்தது. வயர் கழன்றபடியே ஒரு வெட்டுக் காலம் ஓடியிருந்தால் எஞ்சினே முடிந்திருக்கும்.

யார் கழற்றினார் என்று நான் தேடவில்லை. விற்றவரா, வேறொரு கராஜா, தெரியாது. ஆனால் இப்படி வயர் கழன்ற வாகனத்தை நான் பார்த்தது இது முதல் தடவை அல்ல.

ஒயில் லைட் எரிந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரோட்டில் எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த சந்தி வரைக்கும் ஓடிப் பார்க்காதீர்கள். ஒயில் அளவு பாருங்கள். அளவும் சரி, டீசல் மணமும் இல்லை, பால் கலந்த தேத்தண்ணி நிறமும் இல்லை என்றால், சுவிட்ச் பழுதாக இருக்கலாம். அது சின்னச் சாமான்தான். ஆனால் சுவிட்சைக் குற்றம் சொல்ல முன்னர் அதைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரசர் அளக்கிற கேஜ் பூட்டிப் பார்க்க வேண்டும். டொயோட்டா எல் வகை எஞ்சின்களுக்குக் கம்பனிப் புத்தகம் சொல்வது, சூடான நிலையில் ஐடிலில் சதுர சென்ரிமீற்றருக்குக் குறைந்தது 0.3 கிலோ, 3000 சுற்றில் 2.5 முதல் 6 கிலோ வரை. பி.எஸ்.ஐ. கணக்கில் ஐடிலில் நாலுக்கு மேல், 3000 சுற்றில் ஏறக்குறைய 35 முதல் 85. லைட் எரியாவிட்டால் பிரசர் நல்லாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரசர் கிட்டத்தட்ட இல்லாமல் போகும்போதுதான் அந்தச் சுவிட்ச் வேலை செய்யும். ஆகவே லைட் மினுங்குகிறது என்றால் எஞ்சின் ஏற்கெனவே தாமதமாகத்தான் உங்களைக் கூப்பிடுகிறது.

பிரசர் குறைந்தால் தடித்த ஒயில் ஊற்றுவது இன்னொரு வழமை. 15டபிள்யூ-40 கேட்கும் எஞ்சினுக்கு 50ஆம் நம்பரை ஊற்றினால் லைட் அணையும், உண்மை. தேய்ந்த பெயாரிங் தேய்ந்தபடியேதான் கிடக்கும். சம்பின் அடியில் உள்ள வலை சேற்றால் அடைத்திருந்தால் தடித்த ஒயில் அதற்குள்ளால் ஏற இன்னும் கஷ்டப்படும். விடியக்காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மேல் பக்கத்துக்கு ஒயில் போய்ச் சேரும் வரைக்கும் எஞ்சின் வறட்சியாகவே ஓடும். பிரசர் ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பதில் வராமல் ஒயிலை மாற்றுவதில் பிரயோசனமில்லை.

அடுத்தது பிரேக். இங்கேதான் எனக்கு ஆத்திரம் கூட வருகிறது, ஏனென்றால் இது ஓட்டுகிறவரோடு மட்டும் நிற்பதில்லை. பிரேக் ஒயில் டப்பாவில் அளவு இறங்கினால் ஊற்றுவோம், திரும்ப இறங்கினால் திரும்ப ஊற்றுவோம் என்று ஒரு போத்தலைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் ஒயில் எரிந்து குறைகிற சாமான் இல்லை. பேட் தேயத்தேய அளவு மெல்ல மெல்லக் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் குறைந்தால் எங்கேயோ கசிகிறது.

எங்கே பார்ப்பது? பின் டயர்களின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். டிரம்முக்குக் கீழே ஈரக்கோடு இருந்தால் தொட்டு மணந்து பாருங்கள். மெல்லியதாக, பெரிதாக மணம் இல்லாமல், பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் அது பிரேக் ஒயில், வீல் பம்பின் ரப்பர் போய்விட்டது. தடிப்பாக, கந்தகம் போல நாறினால் அது டிபரன்சல் ஒயில், அக்சில் சீல் போய்விட்டது. இரண்டில் எதுவானாலும் டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனர் நனைந்திருக்கும். நனைந்த லைனரைத் துடைத்துத் திரும்பப் போடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஊறின ஒயில் சூட்டில் திரும்ப மேலே வரும்.

மீன் ஏற்றுகிற கெப் வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து மீன் ஏற்றுகிற ஒரு வாகனத்தை உயர்த்திப் பார்த்தபோது, பின்தட்டின் மூலையால் ஐஸ் தண்ணி வடிந்து, சேசி ஓரமாகப் போகிற இரும்பு பிரேக் குழாயின் மேல் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பும் மீன் நீரும் சேர்ந்த தண்ணி. மேலால் பார்த்தால் சேறு அப்பின குழாய்தான். ஆணி நுனியால் மெதுவாகச் சுரண்டினேன். துரு செதில் செதிலாகக் கழன்று விழுந்தது. கிளிப் கடிக்கிற இடத்தில் ஒரு சின்ன முத்துப் போல ஒயில் எட்டிப் பார்த்தது. அந்தக் குழாய் நாளைக்கே வெடித்திருக்கலாம், வெடிக்கிற நேரம் கால் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கிற நேரமாகத்தான் இருக்கும். குழாய் ஒன்றின் விலை பெரிய விலை இல்லை. கடலோரம் ஓடுகிறவர்கள், களப்புத் தண்ணிக்குள் இறக்குகிறவர்கள், வெள்ளத்துக்குள்ளால் போனவர்கள் எல்லோரும் மாரி முடிந்ததும் டிரம்களைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, குழாய்களை ஒரு முறை சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பிரேக் மிதி தாழ்வதற்கும் கல்லுப்போல் இறுகுவதற்கும் காரணம் வேறு வேறு. மிதியை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது, வெளியில் ஒரு சொட்டும் கசியவில்லை என்றால் மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் போய்விட்டது. பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்க டிஸ்க் பம்ப் இறுகியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். வெளியில் புதிதுபோல் தெரிகிற ஹோஸ்கூட உள்ளே அடைபட்டிருக்கும்.

இறுகுவதுதான் பலரைக் குழப்புகிறது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல வெற்றிடம் தானாகக் கிடைக்காது. மிதிப்பதை இலகுவாக்குகிற பிரேக் பூஸ்டருக்காக அதை உண்டாக்கவென்று இந்தக் கெப்களில் பெரும்பாலானவற்றில் ஒல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சின்ன வெக்கியூம் பம்ப் பூட்டியிருக்கும். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில்தான் உயிர். ஒரு ஹோஸால் ஒயில் வரும், இன்னொன்றால் திரும்பிப் போகும். இந்த ஹோஸ் வெடித்தால் எஞ்சின் ஒயிலும் போகும், பிரேக்கும் இறுகும். ஒயில் குறைகிறது என்று ஒரு கராஜுக்கும் பிரேக் இறுகுகிறது என்று இன்னொரு கராஜுக்கும் அலைகிறவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வேலை பாதி முடிந்துவிடும். பூஸ்டரைப் பார்க்க ஒரு இலகுவான வழி இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைப் பல தடவை மிதியுங்கள், இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டரும் வெக்கியூமும் வேலை செய்கின்றன. இறங்காவிட்டால் முதலில் ஹோஸ்களையும் பம்பையும் பாருங்கள். அதற்குப் பிறகு பூஸ்டருக்குக் காசு செலவழிக்கலாம்.

நெல் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் உரியது ஒன்று. ஹைலக்ஸ் போன்ற வாகனங்களில் பின் அக்சிலில் இருந்து சேசிக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது பாரத்தை அளக்கிற வால்வின் கம்பி. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூட பிரசர் விடும், வெறுமையாக இருந்தால் குறைக்கும். நாங்கள் என்ன செய்கிறோம்? மூட்டை கூட ஏற்ற வேண்டும் என்று ஸ்பிரிங் பட்டை இரண்டு மூன்று கூட்டுகிறோம். முழுப் பாரத்தோடும் பின்பக்கம் தாழாது. வால்வு வாகனம் வெறுமை என்றே எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும். சுமையின் பெரும்பகுதியை முன் பிரேக்தான் தாங்கும். ஸ்பிரிங் கூட்டினால் அந்த வால்வைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கம்பியை வெட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள், அது அதைவிட மோசம்.

கிளச்சைப் பற்றிக் கனக்க எழுதத் தேவையில்லை. கியர் போடக் கஷ்டம் என்றதும் கியர் பொக்சை இறக்கிக் கிளச் பிளேட் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன டபுள் கெப்புக்கும் வேறொரு இடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம். கியர் பொக்சின் பக்கத்தில் இருக்கிற கீழ்ப் பம்பைப் பாருங்கள். அதன் ரப்பர் தொப்பியை விரலால் பின்னுக்குத் தள்ளினால் கறுத்த ஒயில் ஊற்றுண்டால் பம்ப் கிட் போதும். இன்னொருவரைக் கிளச் மிதிக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பம்பு தள்ளுகிற கம்பியைப் பாருங்கள். கம்பி அரைகுறையாக அசைந்தால் குற்றம் வெளியில், அதாவது மேல் பம்ப், கீழ்ப் பம்ப், ஹோஸ், காற்று. கம்பி முழுதாகப் போய்வந்தும் ரிவேர்ஸ் கியர் கிறீச்சிட்டால்தான் உள்ளே பார்க்க வேண்டும். அந்தக் கெப்பில் கீழ்ப் பம்ப்தான் போயிருந்தது. மத்தியானத்துக்குள் கிளச் வேலை முடிந்தது.

வழுக்குகிற கிளச் வேறு கதை. டொப் கியரில் மேட்டில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை, கருகல் மணம் வருகிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கும். அல்லது பின் கிராங்க் சீலால் ஒயில் வந்து நனைத்திருக்கும். கியர் பொக்ஸ் இறக்கினால் அந்தச் சீலையும் மாற்றாமல் ஏற்றாதீர்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயாரிங், கால் எடுத்திருக்கும்போது வந்து மிதித்தால் நிற்கும் சத்தம் கியர் பொக்ஸ் பெயாரிங். வெள்ளத்துக்குள் நின்ற வாகனத்தைக் கிழமைக்கணக்கில் அப்படியே விட்டால் பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கராஜ் வைத்திருக்கிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளரின் கையில் கொடுங்கள், எங்கே தேய்ந்தது என்று காட்டுங்கள். காசு இல்லை, வெட்டு முடியத் தருகிறேன், இப்போதைக்கு லைட்டை மட்டும் அணைத்துத் தா என்று கேட்பவர்கள் வருவார்கள். எனக்கும் வருகிறார்கள், அவர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். வேலையைக் கடனுக்குச் செய்து கொடுக்கலாம். வயரைக் கழற்றிக் கொடுக்கக் கூடாது.

அதிகாரிகளிடமும் ஒன்று. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முன்னர் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே அக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் புகையை அளக்கிறார்கள். அந்த வாகனம் நிற்குமா என்று அந்தப் பரிசோதனை கேட்பதில்லை. ஆட்களை ஏற்றி ஓடுகிற பழைய கெப்களுக்காவது பிரேக் பரிசோதனையையும் அதே இடத்தில் சேர்க்கலாம். ஒயில் பிரசர் குறைந்த எஞ்சினை அப்படி மிதித்தால் அங்கேயே பெயாரிங் உடைய வாய்ப்புண்டு என்பதால், புகை பார்க்க முன்னர் ஒயில் லைட் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்ப்பதும் நல்லது. சாவியைத் திருப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?

கடைசியாக மலைநாட்டுக்கு மீன் கொண்டுபோய் மரக்கறி ஏற்றி வருகிறவர்களுக்கு. கண்டியில் இருந்து மகியங்கனைக்கு இறங்குகிற 18 வளைவும், பதுளையில் இருந்து லுணுகலைப் பக்கமாக பிபிலைக்கு இறங்குகிற ரோட்டும் பழைய பிரேக் ஒயிலுக்குச் சோதனை. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது அதற்குரிய தரம். ஈரம் ஊறிய ஒயிலுக்கு அந்த எல்லை 140 பாகைதான். பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வரும். ஒயில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும், மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். அடிவாரத்தில் நின்று ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் ஒழுங்காக இருக்கும், ஒரு குறையும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள், திறந்து வைத்த பழைய போத்தலை ஊற்றாதீர்கள். எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குங்கள், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள். மிதி இறங்கத் தொடங்கினால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள். எஞ்சினை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எஞ்சின் பிடித்து வைத்திருந்த பிடியும் போகும், பூஸ்டரின் உதவியும் போகும்.

இங்ஙனம்,
கராஜ் உரிமையாளர் ஒருவர்,
செங்கலடி.